அரசமரம் தூக்கிப் பிடித்த வேர்

நடுவத்தேரியில் அரசமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் கல்யாணம் முடிந்த முப்பத்திரண்டாவது வருஷம், தை மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பீரியடு மணி அடித்து, டீக்கடையில் காலை வடை தீர்ந்து, செம்மண்மேல் வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்த பத்தரை மணி வாக்கில், இரண்டும் பிரிந்தன. சண்டை சச்சரவு இல்லை, இடி மின்னல் இல்லை, இலை அசையக் காற்றுகூட இல்லை. வேம்பு தன் வேர்களை மேடைக் கல்லுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மண்ணை உதறிக்கொண்டது. கிளைக்குள் கிளை சிக்கியிருந்த இடங்களில் இரண்டும் பொறுமையாக வளைந்துகொடுத்து விலகிக்கொண்டன. பிறகு வேம்பு மேடையை விட்டு இறங்கி, லிங்கதுரையின் டயர் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, ஊருணிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழ்க்கரையில் நின்றது. போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பதினொரு மணி டவுன் பஸ் அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றதில் பதினைந்து நிமிஷம் தாமதம்.

ஊரே நின்று பார்த்தது. ஆனால் முழுசாகப் பார்த்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் அவள். இரண்டு அட்டை முட்டையைக் கைகளில் ஏந்திக்கொண்டு மேடையோரமாக வந்தவள், நகரவும் முடியாமல் முட்டையைக் கீழே வைக்கவும் இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். அதனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்தாள். வேம்பின் அடிவேர் ஒன்று அரசமரத்தின் பெரிய வேருக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. வேம்பு இழுத்துப் பார்த்தது, வரவில்லை. அப்போது அரசமரம் தன் பெரிய வேரை, அரிசி மூட்டை தடிமன் இருக்கும் அதை, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்கு மெல்லத் தூக்கிப் பிடித்தது. வேம்பு காலை உருவிக்கொள்ளும்வரை பிடித்தே இருந்து, உருவிக்கொண்டதும் இறக்கியது. அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது. கையில் முட்டை இருந்ததால் கண்ணைத் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது: வேம்பு ஓடிப்போயிட்டு.

அந்த மரங்களின் கல்யாணக் கதையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷம் மழை பொய்த்தபோது, கோயில் தர்மகர்த்தா சுயம்புலிங்கம் அண்ணாச்சி, அப்போது மீசை கருப்பாக இருந்த வயசு அவருக்கு, பிள்ளையார் மேடையில் ஒட்டி வளர்ந்திருந்த அரசுக்கும் வேம்புக்கும் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, மாப்பிள்ளை வீடாகத் தன் வீட்டையும் பெண் வீடாக எதிர்த்தெருவையும் நிறுத்தி, வேம்புக்கு மஞ்சள் சேலை சுற்றித் தாலி கட்டி வைத்தார். மரங்களிடம் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. மனுஷரிடமே கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. நாற்பதாவது நாள் மழை பெய்தது. அன்றிலிருந்து அவை ஊருக்கு நம்பிக்கையான தம்பதி. எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்திலிருந்து நேராக அங்கே வந்து மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு மரத்தையும் சேர்த்து ஒரு மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். தங்கபுஷ்பமும் அவள் புருஷன் லிங்கதுரையும்கூடப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கட்டினார்கள். வேம்பு விலகியபோது அந்த நூற்றுக்கணக்கான நூல்களில் ஒன்றுகூட அறவில்லை. ஒரு முடிச்சும் அவிழவில்லை. எல்லாம் வளையல் கழற்றினாற்போல நழுவி மேடையில் விழுந்து கிடந்தன. அதையும் தங்கபுஷ்பம்தான் பார்த்தாள்.

அவளுக்கும் லிங்கதுரைக்கும் நடுவே ஒரு கேஸ் இருந்தது. கேஸ் என்றால் அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. பிள்ளை இல்லைதான், ஆனால் அது காரணமும் இல்லை. பதினான்கு வருஷத்தில் ஒருவருக்கொருவர் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய், கரண்டு போச்சு, சிலிண்டர் தீந்துட்டு, இந்த இரண்டு வாக்கியத்தில் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, லிங்கதுரை தலையைத் தூக்காமல் கேட்டான்:

"புஷ்பம், நாம இப்பிடியேதான் இருக்கணுமா?"

"வேண்டாம்னுதான் எனக்கும் தோணுது."

"கோவமா சொல்லுதியா?"

"இல்ல. நெசமாத்தான்."

"எனக்கும் கோவம் ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையிலேயே மனசுவிட்டுப் பேசிய பேச்சு அதுதான். கார்த்திகையில் இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோர்ட்டுக்குப் போய், இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று மனுக் கொடுத்தார்கள். ஆறு மாசம் கழித்து வந்து இதையே மறுபடி சொன்னால் முடிந்தது என்றார்கள். வைகாசியில் வாய்தா. தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் இருந்தது. ஆறு மாசமும் அந்த முருங்கையை நினைத்துக்கொண்டேதான் அவள் அரிசி களைந்தாள்.

மரங்கள் பிரிந்ததை ஊர் பழக்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, அது தனிக்கதை. முதல் வாரம் ஆண்கள் எல்லோரும் விளக்கு வைக்கும் முன்னே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடையிலிருந்து அல்வா வாங்கி வந்தவர்களும் உண்டு. இரண்டாவது வாரம் பழையபடி ஆனார்கள். வெள்ளிக்கிழமை பிரதட்சணம் வருகிற பெண்கள், எந்த மரத்தைச் சுற்றுவது என்று குழம்பி, கடைசியில் ஊருணியோடு சேர்த்து இரண்டையும் ஒரே சுற்றாகச் சுற்றினார்கள். நூற்றெட்டு சுற்று முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மேடையில் இருந்த இரண்டு நாகர் சிலைகளில் சின்னது வேம்பின் வேரோடு ஒட்டிக்கொண்டு கீழ்க்கரைக்குப் போயிருந்தது; மூத்தது அப்பனோடு, இளையது ஆத்தாளோடு என்று டீக்கடையில் தீர்ப்பாயிற்று. கிளிகள் வேம்போடு போயின, காக்கைகள் அரசோடு தங்கின. நடுவே இருந்த பிள்ளையார் பாடுதான் பரிதாபம். இரண்டு பேர் நிழலிலும் சேராமல் மொட்டை வெயிலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு செல்போன் கம்பெனிக் குடையை அவர் தலைக்கு மேல் நட்டு வைத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "அரசு ஸ்டாப்பா, வேம்பு ஸ்டாப்பா? தெளிவாச் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கி, பத்தே நாளில் அதுவும் சாதாரணமாகிவிட்டது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சுயம்புலிங்கம் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். அண்ணாச்சிக்கு நடுவத்தேரியில் ஒரு குடும்பம், பக்கத்து டவுனில் ஒரு குடும்பம். அவர் வாழ்க்கையில் யாரையும் கைவிட்டதில்லை, சேர்த்துக்கொண்டதோடு சரி. அதனால் கல்யாணத்தைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்பது ஊரின் எண்ணம்.

"மனுசனுக்குச் சட்டம் போட்டான்" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பேரும் சரின்னு சொன்னா போதுமாம். குத்தம் வேண்டாம், சாட்சி வேண்டாம், கையெழுத்தப் போட்டுட்டு, கோர்ட்டு வாசல்ல காப்பியக் குடிச்சிட்டு, அவனவன் வழியப் பாத்துப் போயிரலாமாம். அந்தக் காத்து இப்ப மரத்துக்கும் அடிச்சிட்டு. நான் கேக்கேன், மரத்துக்குச் சட்டம் படிச்சுக் குடுத்தது யாரு?"

எல்லாத் தலைகளும் தங்கபுஷ்பம் பக்கம் திரும்பின. ஊரில் கோர்ட்டுக்குப் போன பெண் அவள் ஒருத்திதானே. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் அந்த மேடையைத் தாண்டித்தானே போனாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த லிங்கதுரையை ஒருவரும் பார்க்கவில்லை. மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது. அவனும் அதைச் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் எழுந்தாள். "அரசமரந்தான் வேரத் தூக்கிக் குடுத்துச்சு. நான் பாத்தேன். அது தூக்கலன்னா வேம்பால போயிருக்க முடியாது" என்றாள்.

"ஆமா, புருசனே பொண்டாட்டிய வழியனுப்பி வைப்பானாக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, கூட்டம் சிரித்தது.

பூக்கட்டுகிற பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாரைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள்: "வழக்கம் கெட்டுப்போச்சின்னு சொல்லுதியளே அண்ணாச்சி, எந்த வழக்கம்? ஒங்கம்மை மொதப் புருசன்கிட்ட நாலு பேரு முன்னால துரும்ப முறிச்சுப் போட்டு, ஒறவ அத்துக்கிட்டு வந்துதான ஒங்கப்பாவக் கெட்டுனாவ? அன்னைக்கு அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. எவனும் கோர்ட்டுக்குப் போவல, எந்த மரமும் நடக்கல."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். ஊரில் யாரும் சொல்லாத விஷயம். அண்ணாச்சி மைக்கைத் தட்டிப் பார்த்து, "கரண்டு சரியில்ல, இதோட முடிச்சிக்கிடுவோம்" என்றார். கரண்டு இருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கலைவதற்குள் வேம்பைத் திரும்பக் கூட்டி வந்து வைகாசியில் மறு கல்யாணம் செய்து வைப்பதென்று கைதட்டி முடிவும் செய்துவிட்டார்கள்.

பங்குனியில் நடந்ததை ஊர் பார்க்காமலா இருந்தது? கீழ்க்கரை ஈரத்தில் வேர் பிடித்த வேம்பு, முப்பத்திரண்டு வருஷத்தில் பூக்காத பூ பூத்தது. வாசம் ஊருணியைத் தாண்டி வந்து பள்ளிக்கூடத்துச் சோற்றில் ஏறியது; பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அரசமரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த உடம்பை நிமிர்த்திக்கொண்டு, வேம்பு இருந்த பக்கத்தில் முதல்முறையாகக் கிளை விட்டு, செம்பு நிறத்தில் துளிர்த்து நின்றது. சாயங்காலங்களில் அரசின் நிழல் ஊருணித் தண்ணீரில் நீண்டு வேம்பின் அடிவரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வரும். இரண்டும் பகையாளிகள் இல்லை என்று கண் உள்ளவர்களுக்குத் தெரிந்தது. பார்த்துவிட்டு ஊர் என்ன சொன்னது தெரியுமா? "புருசன விட்டுப் போனவளுக்கு இவ்வளவு பூ எதுக்கு?"

சித்திரை பிறந்ததும் அண்ணாச்சி லிங்கதுரையின் கடைக்கு வந்தார். லாரி என்ஜின் தூக்குகிற செயின் பிளாக் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவனிடம்தான் இருந்தது.

"எய்யா லிங்கதுரை, ஜேசிபிய வச்சு வேரத் தோண்டிப்புடலாம். இழுக்கதுக்கு ஒன் செயின் வேணும்."

"நல்லா வேர் புடிச்சிட்டே அண்ணாச்சி. இப்பத் தோண்டுனா பட்டுப்போவும்."

"பட்டுப்போனாலும் புருசங்கூட நின்னு பட்டுப்போவட்டும்." அண்ணாச்சி டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். "ஒனக்கும் வைகாசில ஒரு சோலி இருக்குல்லா? ஊரு ஒன்னத்தாம்ல பாத்துக்கிட்டு இருக்கு. பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கிராத."

லிங்கதுரை கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும். யாராவது ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவன் நாக்கு வளையாது. அவ்வளவுதான் அவனிடம் இருந்த குறை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னான்.

"செயினக் குடுக்காதிய" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான் குடுக்கலன்னா வேற எவனாது குடுப்பான்."

"வேற எவனாது குடுக்கட்டும். நீங்க குடுக்காதிய."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செயினை அவனே தோளில் போட்டுக்கொண்டு போனான்.

வேம்பைக் கொண்டுவர நான்கு நாள் பிடித்தது. ஜேசிபி வேர்களை அறுத்துத் தள்ள, பனந்தடிகளை உருட்டுக்கட்டையாகப் போட்டு, செயினைச் சுற்றி, ஐம்பது பேர் சேர்ந்து இழுத்தார்கள். போனபோது ஒன்றேகால் மணி நேரத்தில் தானாக நடந்த மரம், திரும்பும்போது ஒரு சாணும் தானாக நகரவில்லை. இழுபட்ட வழி நெடுக வெள்ளைப் பூ கொட்டிக்கிடந்தது. கிளிகள் கீழ்க்கரைப் பள்ளத்தின் மேலேயே கத்திக்கொண்டு வட்டமடித்தன. மேடையில் நிறுத்தி, அரசோடு சேர்த்துச் செயினை ஏழு சுற்றுச் சுற்றி, பூட்டும் போட்டார்கள். கடைசிச் சுற்றை இழுத்துக் கட்டியவன் லிங்கதுரை. செயின் உரசி அவன் வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது. பிள்ளையார் குடையை எடுத்துவிட்டார்கள்.

இருபது நாளில் வேம்பு பட்டுப்போயிற்று. இலை உதிர்க்கக்கூட அதற்குத் தெம்பில்லை. இலைகள் கிளையிலேயே சருகாகத் தொங்கின.

வாய்தா அன்று இருவரும் அதே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார்கள். ஒற்றை அறை வீட்டுச் சாவி தங்கபுஷ்பத்தின் பர்ஸில் இருந்தது. வீட்டுக்காரம்மா முதல் நாளே கொடுத்திருந்தாள்.

நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆறு மாசம் யோசிச்சிருப்பீங்க. பிரியறதுல உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம்மா."

"உங்களுக்கு?"

லிங்கதுரை தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. பிறகு சொன்னான்: "ஊர்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லட்டுமாம்மா?"

"ஊருக்கா கல்யாணம் ஆச்சு? உங்களுக்குத்தானே?"

"கல்யாணத்தன்னைக்கும் ஊருதாம்மா சரின்னு சொல்லுச்சு. எங்கிட்ட யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன். உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

தங்கபுஷ்பம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. அந்த ஐப்பசி மத்தியானம் அவனே முதலில் தொடங்கிய பேச்சு. மின்விசிறி காகிதங்களைப் படபடக்க வைத்தது. லிங்கதுரை அவள் பக்கம் திரும்பாமலே, "இல்லம்மா" என்றான்.

நீதிபதி பெருமூச்சு விட்டார். "ஒருத்தர் மாட்டேன்னு சொல்லிட்டா இந்த மனு நிக்காதும்மா. இனி நீங்க தனியாத்தான் போடணும். அவர் உங்களுக்குச் செஞ்ச கொடுமை என்னன்னு அதுல சொல்லி நிரூபிக்கணும். அடிச்சாரா? கைவிட்டாரா? வேற தொடர்பு ஏதாவது?"

பொய் ஒன்று சொன்னால் முருங்கை மரத்து ஜன்னல் தங்கபுஷ்பத்துக்குக் கிடைக்கலாம். பதினான்கு வருஷத்தையும் தேடிப் பார்த்தாள். அந்த மனுஷன் அவளை நோக்கி ஓங்கிய கை ஒன்றுகூட அகப்படவில்லை.

"அவுக மேல சொல்லதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

கோர்ட்டு வாசலில் லிங்கதுரை காப்பி வாங்கி வந்து நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் இரண்டையும் குடித்தான். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் இறங்கி, சாவியை வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு, மீதித் தூரம் நடந்தே வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வருஷத்தில் அவனை அவள் வெறுத்தது அன்றுதான் முதல் தடவை. அந்த வெறுப்புக்குக் கோர்ட்டில் ஒரு பெயர் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இனி அதை யாரிடம் கேட்க?

மறு கல்யாணத்துக்கு ஊர் திரண்டது. பட்ட வேம்புக்கு மஞ்சள் சேலை சுற்றி, சருகு தெரியாதபடி பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார்கள். நாதஸ்வரம், கொட்டுமேளம், பாயாசம் எதற்கும் குறைவில்லை. "பாத்தியளா? இப்ப எப்பிடி அமைதியா நிக்கா! ஒரு சத்தம் உண்டா?" என்று அண்ணாச்சி மைக்கில் கேட்டார். அது உண்மைதான். பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு அவர் கூட்டத்தைத் துழாவி, "தங்கபுஷ்பம், நீ வாம்மா. கோர்ட்டு வாசல் வரைக்கும் போயி, புருசன் அருமை தெரிஞ்சு திரும்பி வந்தவ நீ. மொத நூல ஒன் கையால கட்டு" என்றார்.

யாரோ அவள் கையில் மஞ்சள் நூலைத் திணித்தார்கள். மறுமுனையை லிங்கதுரை கையில் கொடுத்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மரங்களைச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தில், கூட்டத்தின் கண் படாத இடத்தில், எதிரெதிராக நின்றார்கள். அங்கேதான் அவள் அதைப் பார்த்தாள். அரசமரம் தன் பெரிய வேரைத் தூக்கிப் பிடித்திருந்தது. அன்றைக்குப் போலவே தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம். எத்தனை நாளாகப் பிடித்திருக்கிறதோ, அடியில் கரையான் மண் கட்டியிருந்தது.

லிங்கதுரையும் பார்த்துவிட்டான். அவன் முகம் கோணிற்று. "புஷ்பம்" என்றான், "நெசமாவே தூக்கிக்கிட்டுத்தான் நிக்கி."

"அன்னைக்கே சொன்னேன்லா."

"இன்னொரு தடவ மனு போடுவோமா? இந்தவாட்டி நான் சரின்னு சொல்லிருதேன். சத்தியமா."

அவள் அவனையும் பார்த்தாள், செயினுக்குள் நின்ற கட்டையையும் பார்த்தாள். "இனி யார உருவுதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவன் கையிலிருந்த முனையையும் வாங்கி, மூன்று முடிச்சும் தானே போட்டாள். முன்பக்கத்தில் கொட்டுமேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது.

அரசமரம் அதற்கப்புறம் அந்த வேரை இறக்கவே இல்லை. சுற்றி வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று ஆடி மாசம் அதன்மேல் சிமெண்டைக் கொட்டிப் பூசி மேடாக்கிவிட்டார்கள். தங்கபுஷ்பம் தினமும் காலையில் முட்டை அட்டைகளை ஏந்திக்கொண்டு அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மேடு வந்ததும் நின்று, சேலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, மிதித்துவிடாமல் தாண்டிப் போகிறாள். என்ன பக்தி பாருங்கள் என்று ஊர் சொல்கிறது.